நிலவிலிருந்து ஒன்றேகால் நொடி, பெங்களூரிலிருந்து முக்கால் நிமிடம்

சந்திரயான்-3 தரையிறங்கியதைத் தெருவில் திரை கட்டிக் காட்டிய ஒரு மாலை: நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை. சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டர் நிலவின் தென் துருவப் பகுதியில் இறங்க இஸ்ரோ குறித்திருந்த நேரம் மாலை 6:04. அதை நாமக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், எங்கள் தெருவிலேயே பெரிய திரையில் போட்டுக் காட்டுவது என்று நண்பர்கள் நான்கு பேர் முடிவு செய்தோம். பாதி நடந்தது, பாதி சொதப்பியது. எந்தப் பாதி எதனால் என்பதை எழுதி வைத்தால், இப்படித் தெருவில் நேரலை போட நினைக்கும் வேறு யாருக்காவது உதவும்.

நான்கு பேரில் ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியர். ஒருவர் மைக்செட் வைத்திருக்கிறார். மூன்றாமவர் கேபிள் டிவியில் லைன் வேலை பார்ப்பவர். நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். இந்த நால்வரும் சேர்ந்தால் ஒரு நேரலையைத் தெருவில் காட்டுவது என்ன பெரிய விஷயம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது.

இதற்கு முன் 2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2 இறங்க இருந்தபோது, என் கடை வாசல் படியில் இதே நான்கு பேர் ஒரே செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நிலவுக்கு மேலே சுமார் 2 கி.மீ. உயரத்தில் தொடர்பு அறுந்தது. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போனோம். அடுத்த முறை பார்த்தால் ஊரோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்று பிறகு ஆசிரியர் சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சித்தம்பூண்டி, குன்னமலை பகுதியில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை, நிலவின் மேட்டுநில மண்ணோடு தன்மையில் ஒத்தது. அதைப் பொடித்துச் செய்த செயற்கை நிலவு மண்ணில்தான் இஸ்ரோ லேண்டர், ரோவர் சோதனைகளைச் செய்தது. ‘நம்மூர் மண்ணு’ என்று டீக்கடையில் பேசாதவர்கள் இல்லை. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதும் சேர்ந்துகொண்டது. பள்ளிகளில் இதை நேரலையாகக் காட்டும்படி இஸ்ரோவே கேட்டிருந்தது. ஆனால் 6 மணிக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். எனவே தெரு.

ஏற்பாடும் ஒத்திகையும்

கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் 3,000 லூமென் புரொஜெக்டர் ஒன்று கிடைத்தது. பத்தடிக்கு ஆறடி வெள்ளைத் துணித் திரை, மைக்செட் நண்பரின் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர், என் லேப்டாப். கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு சிறிய ஜெனரேட்டரும் எடுத்து வைத்தோம். (அன்று கரண்ட் ஒரு நொடிகூடப் போகவில்லை. எதற்கு மிகவும் பயந்தோமோ அது வரவே இல்லை.)

நிகழ்ச்சியை எதிலிருந்து எடுப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது. டிடி நேஷனலும் காட்டும், தமிழ்ச் செய்தி சேனல்களும் காட்டும், தன் வீட்டு செட்டாப் பாக்ஸைத் தூக்கி வந்து புரொஜெக்டரில் மாட்டிவிடலாம், நாற்பது அடி வயர் இழுத்தால் போதும் என்றார் கேபிள் நண்பர். நான்தான் வேண்டாம் என்றேன். கேபிள் படம் பத்தடித் திரையில் மங்கலாக, பிசிறடித்துத் தெரியும். இஸ்ரோவின் யூடியூப் நேரலை துல்லியமாக இருக்கும். இரண்டு வேறு கம்பெனி சிம் போட்ட இரண்டு செல்போனில் ஹாட்ஸ்பாட் வைத்துக்கொண்டால் ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்று விளக்கினேன். கம்ப்யூட்டர்காரன் சொல்வதால் மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இந்த முடிவு முழுக்க என்னுடையது என்பதைப் பதிவு செய்கிறேன்.

செவ்வாய் இரவு ஏழரை மணிக்குத் தெருவில் திரையைக் கட்டி ஒத்திகை பார்த்தோம். ஏதோ ஒரு செய்தி சேனலின் யூடியூப் நேரலையைப் போட்டோம். படம் பளிச்சென்று இருந்தது, ஒரு முறைகூட நிற்கவில்லை. சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. திருப்தியாகத் தூங்கப் போனோம்.

அந்த ஒத்திகையில் இருட்டு இருந்தது, கூட்டம் இல்லை. மறுநாள் வெளிச்சம் இருந்தது, கூட்டமும் இருந்தது. இந்த வித்தியாசம் நால்வரில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை.

புதன் மாலை: 4:30 முதல் 5:44 வரை

நாலரைக்குத் திரையைக் கட்டினோம். தெருவின் கிழக்குக் கோடியில் ஒரு வீட்டின் வெறும் சுவர் இருந்தது, அதுதான் வசதி. அதாவது திரை மேற்கே பார்த்து நின்றது. நாற்காலி போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்த எதிர்வீட்டுப் பாட்டி கேட்டார்:

“ஏனுங்க தம்பி, வெயிலு நேரா துணி மேல அடிக்குதுங்களே, படம் தெரியுமுங்களா?”

தெரியவில்லை. 5:20க்கு நேரலை தொடங்கியபோது திரையில் வெளுத்துப்போன நீல நிழல்தான் இருந்தது. கணக்குப் போட்டால் இது முன்பே தெரிந்திருக்கும். புரொஜெக்டர் வெளிவிடும் மொத்த ஒளியான 3,000 லூமெனைப் பத்துக்கு ஆறடித் துணியில் பரப்பினால், ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது சுமார் 540 லூமென், அதாவது 540 லக்ஸ். மாலை வெயில் நேராக விழும் துணியில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கிறது. அதன் மேல் புரொஜெக்டர் ஒளி, வெயிலில் எரியும் டியூப் லைட் மாதிரிதான். ஆகஸ்ட் கடைசியில் எங்கள் ஊரில் சூரியன் மறைய ஏறக்குறைய ஆறரை ஆகும். லேண்டர் இறங்குவதோ 6:04க்கு.

மைக்செட் நண்பர் இரண்டு மூங்கில் நட்டு, திரைக்கு எதிரே வெயில் வரும் பக்கம் ஒரு தார்ப்பாயைக் கட்டினார். படம் ஓரளவு தெரிந்தது. முன்வரிசைக்காரர்களுக்கு உருவம் புரிந்தது, எழுத்து புரியவில்லை. திரையை எதிர்ப்பக்கம் மாற்றிக் கட்ட நேரம் இருந்ததா என்றால், இருந்தது. மூங்கில் நட்ட நேரத்தில் அதைச் செய்திருக்கலாம். கட்டியதை அவிழ்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

அடுத்து பெட்டியிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். லேப்டாப்பும் ஆம்ப்ளிஃபயரும் வேறு வேறு பிளக்கில் இருந்து கரண்ட் எடுக்கும்போது, எர்த் வழியாக இப்படி இரைச்சல் வருவதுண்டு. சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. பேட்டரி 62 சதவீதம் இருந்தது, ஒரு மணி நேரத்துக்குத் தாராளம். அன்று உடனே கண்டுபிடித்து உடனே தீர்த்த ஒரே கோளாறு இது.

5:40க்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆசிரியர் தலை எண்ணினார்: நூற்று முப்பது பேர், அதில் அறுபதுக்கும் மேல் பிள்ளைகள். அவர் ஒரு கரும்பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து, இறங்கும் கட்டங்களை எழுதிப் போட்டிருந்தார். 30 கி.மீ. உயரத்தில் தொடங்கும்போது வேகம் நொடிக்கு 1.68 கி.மீ., மணிக்கு ஆறாயிரம் கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். முதல் 690 நொடி எஞ்சின்களை எரித்து வேகத்தைக் குறைத்தபடியே 7.4 கி.மீ. உயரத்துக்கு வரும். பத்து நொடி நிலையைச் சரிபார்க்கும். பிறகு 175 நொடி இன்னும் நிதானமாக வேகம் குறையும். 800 மீட்டருக்குப் பிறகு செங்குத்தாக இறக்கம், நடுவில் 150 மீட்டரில் நின்று இடம் பார்த்தல். பிள்ளைகள் இதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

5:44 முதல் 5:55 வரை: படம் நின்றது

இறக்கம் தொடங்கிவிட்டது என்று அறிவிப்பு வந்தது, கை தட்டினோம். 5:46க்குத் திரை நடுவில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஏழெட்டு நொடியில் படம் திரும்பி வந்தது, ஆனால் கட்டம் கட்டமாக. லேண்டர் போக வேண்டிய பாதையையும் போகிற பாதையையும் காட்டும் வரைபடம்தான் அன்று எல்லாவற்றையும்விட முக்கியம். அதில் கோடுகளே பிரிந்து தெரியவில்லை. சிக்னல் குறைந்ததால் யூடியூப் தானாகவே படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தது. 5:48க்கு மறுபடி வட்டம்.

இரண்டாவது செல்போனுக்கு மாற்றினேன். ஹாட்ஸ்பாட் பெயர் தெரிய, பாஸ்வேர்டு போட, பக்கம் மறுபடி திறக்க என்று ஒன்றரை நிமிடம் போயிற்று. நிலவுக்கு மேல் மணிக்கு ஆயிரக்கணக்கான கி.மீ. வேகத்தில் ஒன்று கீழே வந்துகொண்டிருக்க, நான் நூற்று முப்பது பேர் முன்னால் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துக்கொண்டிருந்தேன். படம் வந்தது, இருபது நொடி ஓடியது, நின்றது.

ஏன் என்று திரும்பிப் பார்த்தால் தெரிந்தது. திரையில் சரியாகத் தெரியாததால் பின்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் செல்போனை எடுத்து அதே நேரலையைத் திறந்து வைத்திருந்தார்கள். முப்பது நாற்பது செல்போன் இருக்கும். அவர்கள் கையில் இருந்ததும் பெரும்பாலும் அதே இரண்டு கம்பெனி சிம்தான். இரண்டு சிம் இருந்தால் இரண்டு வழி என்று நான் நினைத்தேன். எங்கள் தெரு அளவில் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே கூட்டத்தால் நிரம்பும் வழிகள். திரை மங்கியதால் செல்போன் திறந்தார்கள், அவர்கள் திறந்ததால் திரை நின்றது, நின்றதால் இன்னும் சிலர் திறந்தார்கள். இஸ்ரோவின் யூடியூப் நேரலையை அன்று ஒரே சமயத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள் என்று பிறகு செய்தி வந்தது. அத்தனை பேருக்கும் ஓடியது. எங்கள் தெருவில் ஓடாததற்குக் காரணம் தெருவிலேயே இருந்தது.

இதற்குள் இன்னொன்று நடந்தது. தெருமுனை டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கைதட்டல் கேட்டது. எங்கள் திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு பையன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, “சார், அங்க நம்மள விட முன்னாடி போயிருச்சு” என்றான். பின்வரிசையில் இருந்து பத்துப் பதினைந்து பேர் டீக்கடைப் பக்கம் நகர்ந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த ஒன்பது நிமிடமும் பிள்ளைகளில் ஒருவர்கூட எழவில்லை. ஆசிரியர் கரும்பலகை பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். “இப்ப 300 நொடி ஆச்சு, எந்தக் கட்டத்துல இருக்கு?” என்று கேட்டுக் கேட்டுக் கணக்குப் போடவைத்தார். படமே இல்லாமல் ஒரு தரையிறக்கத்தை அவர் நடத்திக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம்.

முடிவு எடுத்த விதம்

5:52க்கு மைக்செட் நண்பர், “மாப்ள, விடு. டிவியத் தூக்கிட்டு வந்துரலாம்” என்றார். கேபிள் நண்பர் வீடு திரைக்கு இரண்டாவது வீடு. 32 இன்ச் டிவி. நான் இன்னும் இரண்டு நிமிடம் கேட்டேன். படத் தரத்தைக் கையாலேயே 240இல் நிறுத்திப் பார்க்கிறேன் என்றேன். அது சரியான யோசனைதான், ஆனால் 5:46க்குச் செய்திருக்க வேண்டியது.

ஆசிரியர்தான் முடித்து வைத்தார். “இது நாளைக்குத் திரும்பப் போட்டுப் பார்க்கிற விஷயம் இல்ல. 5:55. அதுவரைக்கும் ஓடலைன்னா டிவி. நீ சரி பண்ணிட்டே இரு, அவங்க தூக்கிட்டு வரட்டும்.”

அந்த மாலையில் எடுத்த முடிவுகளில் சரியானது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பழுது பார்ப்பவனிடம் எப்போது நிறுத்துவது என்று கேட்கக் கூடாது. அவனுக்கு அடுத்த முயற்சியில் சரியாகிவிடும் என்றே எப்போதும் தோன்றும். நிறுத்தும் நேரத்தை வேறொருவர் சொன்னார், கடிகாரத்தை வைத்துச் சொன்னார். சரி செய்வதும் மாற்று ஏற்பாடும் ஒன்று முடிந்து ஒன்று என்றில்லாமல் ஒரே நேரத்தில் நடந்தன. 5:55க்கு ஓடவில்லை.

கேபிள் வயர் திண்ணை வரைதான் நீண்டது. டிவியைத் திண்ணையில் வைத்தோம். பிள்ளைகளைத் திண்ணைக்கு எதிரே தரையில் உட்காரவைத்து, பெரியவர்கள் பின்னால் நின்றார்கள். 5:58க்குப் படம் வந்தது. 32 இன்ச்தான், ஆனால் வெயிலிலும் தெரிந்தது, நிற்கவும் இல்லை.

ஆறு மணிக்குப் பிறகு: இரண்டு முறை இறங்கிய லேண்டர்

டிவியின் சத்தம் முன்னால் இருந்த பிள்ளைகளைத் தாண்டிக் கேட்கவில்லை. மைக்செட் நண்பர் ஒரு வயரை எடுத்து, டிவியின் பின்னால் இருந்த சிவப்பு, வெள்ளை ஓட்டைகளில் ஒரு முனையையும் ஆம்ப்ளிஃபயரில் மறுமுனையையும் செருகினார். பெட்டியில் சத்தம் வந்தது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

டிவியின் பின்னால் இருந்த அந்த ஓட்டைகள் சத்தம் உள்ளே போவதற்கானவை, வெளியே வருவதற்கானவை அல்ல. அப்படியென்றால் பெட்டியில் கேட்ட சத்தம் எங்கிருந்து வந்தது? மேசை மேல் அரைகுறையாக மூடியிருந்த என் லேப்டாப்பிலிருந்து. கூட்டம் டிவி பக்கம் திரும்பியதும் பலர் செல்போனைப் பையில் போட்டுவிட்டார்கள். சிக்னல் மீண்டு, லேப்டாப்பில் நேரலை தானாக ஓட ஆரம்பித்திருந்தது. அதன் வயரை யாரும் பிடுங்கவில்லை. ஆக, படம் டிவியிலிருந்து, சத்தம் லேப்டாப்பிலிருந்து.

வழக்கமாக இப்படி ஆனால் வாயசைவும் சத்தமும் ஒட்டாமல் உடனே தெரிந்துவிடும். அன்று திரையில் இருந்தது வரைபடமும் அனிமேஷனும் கட்டுப்பாட்டு அறையில் கணினி முன் உட்கார்ந்திருந்தவர்களும்தான். ஆங்கிலத்தில் எண்கள் வந்துகொண்டிருந்தன. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

டிவியில் பெங்களூரு கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். பெட்டியில் இன்னும் உயரமும் வேகமும் சொல்லிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு விநோதமான அமைதி. முன்வரிசைப் பிள்ளைகள் சிலர் கை தட்டினார்கள், பின்னால் இருந்தவர்கள் தட்டவில்லை. “இறங்கிருச்சா? இல்லையா?” என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 2019 எல்லாருக்கும் நினைவில் இருந்தது. நான்கு நாள் முன்பு, ஆகஸ்ட் 19 அன்று, ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதி நொறுங்கியதும் செய்தியில் வந்திருந்தது. ஆசிரியர் திண்ணையில் ஏறி டிவியில் காதை வைத்தார். வைத்தவர் திரும்பி இரண்டு கையையும் தூக்கினார். தெரு கத்தியது. கத்தி ஓய்ந்து, ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து பிரதமர் டிவியில் பேசிக்கொண்டிருந்தபோது, இரண்டு பெரிய பெட்டியிலிருந்தும் கட்டுப்பாட்டு அறையின் கைதட்டல் இடி மாதிரி வந்தது. பிள்ளைகள் ஒரு கணம் திகைத்துவிட்டு, மறுபடி குதித்தார்கள்.

பாட்டி என்னிடம் கேட்டார்: “ரெண்டு தடவ இறங்குச்சுங்களா தம்பி?”

பிறகு அளந்து பார்த்தது

மறுநாள் கடையில் இதைச் சோதித்தேன். ஒரு பக்கம் கேபிள் டிவி, ஒரு பக்கம் அதே செய்தி சேனலின் யூடியூப் நேரலை, நடுவில் செல்போன் ஸ்டாப்வாட்ச். கடையின் ஃபைபர் இணைப்பில் யூடியூப் 22 நொடி பின்தங்கியது. ஹாட்ஸ்பாட்டில் வைத்து, நடுவில் இரண்டு முறை வேண்டுமென்றே தொடர்பைத் துண்டித்தபோது 47 நொடி.

காரணம் எளிது. இணைய நேரலை சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது. முதலில் ஒரு துண்டு நிரம்ப வேண்டும், அது பல தரங்களில் சுருக்கப்பட வேண்டும், பல ஊர்களில் இருக்கும் சர்வர்களுக்குப் போக வேண்டும். நம் கருவியும் தடங்கல் வராதிருக்கச் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டே ஓடவிடும். கேபிளிலும் சில நொடி தாமதம் உண்டு, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. இன்னொரு விஷயம் எனக்கே அன்றுதான் உறைத்தது. நேரலை ஒரு முறை நின்றால், மீண்டும் ஓடும்போது நின்ற இடத்திலிருந்தே தொடர்கிறது. அந்த நொடிகளும் தாமதத்தோடு கூடிவிடுகின்றன. யூடியூப் கட்டத்தின் கீழே ‘லைவ்’ பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். பின்தங்கினால் அது சாம்பல் நிறமாகிவிடும். அதைத் தொட்டால் முன்னால் தாவும். தினம் கம்ப்யூட்டரில் உட்காரும் நான் அந்தப் புள்ளியை அதுவரை ஒரு அலங்காரமாகத்தான் பார்த்திருந்தேன்.

நிலவு பூமியிலிருந்து சுமார் 3,84,000 கி.மீ. அங்கிருந்து ரேடியோ அலை வர ஒன்றேகால் நொடி. பெங்களூரிலிருந்து எங்கள் தெருவுக்கு வர முக்கால் நிமிடம். இதை ஆசிரியர் தன் வகுப்பில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ஒன்று: திரை கட்டிய சுவருக்குச் சொந்தமான வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தது. கேட்டிருந்தால் ஜன்னல் வழியாக ஒரு லேன் வயரை இழுத்திருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை. அவர்களும், கம்ப்யூட்டர்காரர் ஏதோ பெரிய ஏற்பாடு செய்திருப்பார் என்று இருந்துவிட்டார்கள்.

என்ன மாற்றுவோம்

ஒத்திகையை நிகழ்ச்சி நேரத்திலேயே பார்க்க வேண்டும், அதே இடத்தில், அதே வெயிலில். கூட்டத்தை ஒத்திகைக்குக் கொண்டுவர முடியாது, ஆனால் கூட்டம் வந்தால் சிக்னல் என்னாகும் என்பதை யோசிக்க முடியும். பகலில் என்றால் புரொஜெக்டரே வேண்டாம். இரண்டு மூன்று வீட்டு டிவிகளைத் திண்ணைகளில் வைத்து, ஒரே கேபிளைப் பிரித்துக் கொடுத்தால் போதும். பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைதான் எங்களைக் கெடுத்தது.

வயரில் வருவதை முதலாவதாகவும், இணையத்தில் வருவதை மாற்று ஏற்பாடாகவும் வைக்க வேண்டும். நான் தலைகீழாக வைத்தேன். இணையம்தான் வழி என்றால் தரத்தைத் தானியங்கியில் விடாமல் முதலிலேயே 480இல் நிறுத்திவிடுவது நல்லது. தெருக்கூட்டத்துக்கு அது போதும்.

படமும் சத்தமும் ஒரே கருவியிலிருந்து வர வேண்டும். செட்டாப் பாக்ஸின் ஹெச்டிஎம்ஐயைத் திரைக்கும், அதன் சிவப்பு, வெள்ளை வயரை ஆம்ப்ளிஃபயருக்கும் கொடுத்தால் இந்தக் குழப்பமே வராது. மாற்றும்போது பழைய வயரைப் பிடுங்கிய பிறகுதான் புதியதைச் செருக வேண்டும். இப்போது மைக்செட் நண்பர் ஒவ்வொரு வயர் முனையிலும் ஒரு கலர் டேப் சுற்றி வைத்திருக்கிறார். எங்களைப் பார்த்தால் அந்த டேப்பைக் காட்டுவார்.

செல்போன் விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. கூட்டத்திடம் முன்கூட்டியே சொல்லி அணைத்து வைக்கச் சொல்லலாம் என்கிறார் ஆசிரியர். திரை நன்றாகத் தெரிந்தால் யாரும் எடுக்கமாட்டார்கள், தெரியாவிட்டால் சொன்னாலும் கேட்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அடுத்த முறை

2024 ஜூன் 29 இரவு, பார்படாஸில் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. நம் நேரப்படி எட்டு மணிக்குத் தொடங்கியது, நன்றாக இருட்டியிருந்தது. அதே புரொஜெக்டர், அதே திரை, ஆனால் கேபிள் நண்பரின் செட்டாப் பாக்ஸ். படம் நான் சொன்ன மாதிரியே கொஞ்சம் பிசிறடித்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் என்ற நிலை வந்தபோது நாலைந்து பேர் நாற்காலியை மடித்துக்கொண்டு கிளம்பினார்கள். மற்றவர்கள் கடைசிவரை இருந்தார்கள். சத்தமும் படமும் ஒட்டி வந்தன. ஆசிரியர் வழக்கம்போல ஒரு நிறுத்த நேரம் சொல்லி வைத்திருந்தார், அது தேவைப்படவில்லை.

கடைசி ஓவரின் முதல் பந்தை மில்லர் தூக்கி அடித்தார். எங்கள் திரையில் பந்து இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. அதற்குள் பின்தெருவில் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வைத்திருக்கும் வீட்டில் கத்திவிட்டார்கள். சூர்யகுமார் எல்லைக்கோட்டில் அந்தப் பந்தைப் பிடிக்கப்போகிறார் என்பது எங்களுக்கு மூன்று நொடி முன்னாலேயே தெரிந்துபோயிற்று.